மலையகத்துக்கு முதன்முறை வாகனம் ஓட்டிப் போகிறவர்களுக்கு

கொழும்பிலிருந்து கண்டி சுமார் 115 கிலோமீட்டர். கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீட்டர் அளவில் வரும். நுவரெலியாவிலிருந்து எல்ல 60 கிலோமீட்டருக்குள். எல்லாம் சேர்த்து 250தான், இரண்டு நாளில் சுற்றிவிட்டு வந்துவிடலாம் என்று புதிதாகப் புறப்படுகிறவர்கள் நினைப்பது இயல்பு. இலங்கை மலையகத்தில் பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கணக்கால்தான். கண்டிக்கு அடுத்து வரும் கம்பளையைத் தாண்டிய பிறகு மணிக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் ஓடினாலே நல்ல ஓட்டம். முன்னால் ஒரு தேயிலை லொறி ஏறிக்கொண்டிருந்தால் அதுவும் கிடையாது.

அதனால் திட்டம் போடும்போது கிலோமீட்டரை விட்டுவிட்டு மணிக்கணக்கை எடுங்கள். ஒரு நாளில் வண்டி ஓடுவது 3 மணி நேரம், மிஞ்சினால் 4. அதையும் காலையிலேயே முடித்துவிட வேண்டும். மலையில் வானம் தெளிவாக இருப்பது பெரும்பாலும் காலையில்தான். மதியத்துக்குப் பிறகு மேகம் இறங்கும், மழை வரும், மூடுபனி வரும். அந்த நேரத்தில் நீங்கள் தங்கும் இடத்தில் தேநீரோடு உட்கார்ந்திருக்க வேண்டும். கீழே சொல்லப்போகிற எல்லாம் இந்த ஒரு விதியை ஒட்டித்தான்.

எந்த மாதம்

முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள், அப்புறம் பாதை. மலைத்தொடர் இரண்டு பருவமழைக்கும் நடுவே சுவராக நிற்பதால், ஒரு சரிவு நனையும்போது மறு சரிவு காய்ந்திருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. மேற்குச் சரிவில் இருக்கும் கினிகத்தேனை, ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் நாள்கணக்கில் கொட்டும். அதே நாட்களில் மலையைத் தாண்டி ஊவாப் பக்கம், அதாவது வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளை, எல்ல எல்லாம் வெயிலும் காய்ந்த காற்றுமாக இருக்கும். ஜூலையிலோ ஓகஸ்டிலோ விடுமுறை கிடைக்கிறவர்கள் மலையகமே வேண்டாம் என்று ஒதுக்கத் தேவையில்லை, ஊவாவில் கூடுதல் நாள் தங்கினால் போதும்.

டிசெம்பர், ஜனவரியில் வடகீழ் பருவமழை கிழக்குச் சரிவை நனைக்கும், பதுளைப் பக்கம் ஈரமாக இருக்கும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைதான் இரண்டு பக்கமும் ஓரளவு ஒத்துழைக்கும் காலம். முதல் பயணத்துக்கு நான் சொல்வது இந்த மாதங்களைத்தான். நுவரெலியாவில் அப்போது இரவுகள் கடும் குளிர், சில அதிகாலைகளில் புல்வெளியில் உறைபனி படியும். ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். பருவமழைகள் மாறும் அந்த இடைக்காலத்தில் பிற்பகல் இடிமழை கிட்டத்தட்ட வழக்கம், மண் ஏற்கெனவே ஊறியிருக்கும், வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும் காலமும் அதுதான். 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள் ஊர்களையே மூடின. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சாலைகளும் பாலங்களும் மலையக ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தன. ஆகவே பழைய பயணக் குறிப்பு எதையும் அப்படியே நம்பிப் போகாதீர்கள். நீங்கள் போகும் சாலை திறந்திருக்கிறதா என்று தங்கப்போகும் விடுதிக்கே தொலைபேசியில் கேளுங்கள். அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் நேற்றைய நிலைமை தெரியும்.

ஏப்ரல் வேறு கதை. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம் நடக்கும். அறை வாடகை ஏறும், நகருக்குள் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். கூட்டம் பிடித்தவர்கள் போகலாம். சாலைப் பயணத்துக்கு அது ஏற்ற மாதமல்ல. கண்டியில் எசல பெரஹர ஊர்வலம் நடக்கும் ஜூலை, ஓகஸ்ட் நாட்களிலும் நகரச் சாலைகள் மாலையில் மூடப்படும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்களே ஓட்டுவதா, சாரதியோடு போவதா

இதுவரை மலைச்சாலையில் ஓட்டியதே இல்லையென்றால், முதல் முறை சாரதியோடு ஒரு வண்டியை வாடகைக்கு எடுங்கள். எனக்கு இதில் தயக்கமே இல்லை. சமவெளியில் எத்தனை வருடம் ஓட்டியிருந்தாலும், கொண்டை ஊசி வளைவில் எதிரே ஒரு பஸ் முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டு வரும்போது என்ன செய்வது என்பது பழகினால்தான் வரும். கூடவே, ஓட்டுகிறவருக்கு மலையைப் பார்க்கக் கிடைக்காது. சாரதியோடு போகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: அவர் எங்கே தூங்கப்போகிறார் என்று விடுதியில் முன்கூட்டியே கேளுங்கள். பல இடங்களில் சாரதிகளுக்கு அறை உண்டு, சில இடங்களில் இல்லை. வண்டிக்குள் குளிரில் சுருண்டு படுத்த மனிதர் அடுத்த நாள் உங்கள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் இறங்குவார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நீங்களே ஓட்டுவதென்றால் காகிதங்களைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு அந்த நாட்டு அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது. சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் கொண்டுவந்தால் கொழும்பில் உள்ள இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் அதற்கு மேலொப்பம் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வேரஹெர அலுவலகத்தில் தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்கலாம். 2025இல் கட்டுநாயக்க விமான நிலையத்திலும் சுற்றுலாப் பயணிகளுக்கு இதற்கென ஒரு கருமபீடம் திறந்தார்கள். இந்தக் காகிதம் இல்லாமல் விபத்து நடந்தால் காப்புறுதி கைகொடுக்காது. வாடகை வண்டியை வாங்கும்போது காப்புறுதி அட்டையும், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வாகன வருமான அனுமதிப்பத்திரமும் காலாவதியாகாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சாலையில் இடது பக்கம். ஊருக்குள் மணிக்கு 50, வெளியே 70, அதிவேகப் பாதையில் 100 கிலோமீட்டர் உச்ச வேகம். மலையில் 70ஐத் தொடும் சந்தர்ப்பமே வராது.

எந்த வண்டி

பெரிய ஜீப் கட்டாயமில்லை. பிரதான சாலைகள் எல்லாம் தார் போட்டவை. ஆனால் 800 சிசி சின்னக் காரில் நான்கு பேரும் பெட்டிகளும் என்றால் ரம்பொடை ஏற்றத்தில் இரண்டாம் கியரிலேயே முனகும். இருவர் என்றால் சரி. நால்வருக்கு 1300 சிசிக்குக் குறையாத எஞ்சின் எடுங்கள். அகலமான வான் வேண்டாம், நீளமும் அகலமும் கூடக்கூட வளைவில் சிரமம் கூடும்.

வண்டியை வாங்குமுன் பார்க்க வேண்டியவை: டயரின் பள்ளம், பிரேக் மிதியை அழுத்தினால் அது உறுதியாக நிற்கிறதா, கைப்பிரேக் ஏற்றத்தில் வண்டியைத் தாங்குகிறதா, வைப்பர் ரப்பர், மூடுபனி விளக்கு, உதிரி டயரும் ஜாக்கியும். கைப்பிரேக்கை வாய் வார்த்தையாகக் கேட்டு நம்பாதீர்கள். ஒரு சரிவில் நிறுத்திப் பாருங்கள்.

எரிபொருளை கம்பளை, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை போன்ற ஊர்களில் நிரப்பிக்கொள்ளுங்கள். தோட்டங்களுக்குள் நுழைந்தால் பெற்றோல் கிடைக்காது. அரைத் தாங்கிக்குக் கீழே இறங்கவிடாமல் இருப்பது நல்லது. கையில் ரொக்கப் பணம் வேண்டும், தேநீர்க்கடைகளிலும் வாகனத் தரிப்பிடங்களிலும் அட்டை செல்லாது. வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மலை மடிப்புகளில் சிக்னல் போய்விடும்.

பாதை

புதியவர்களுக்கு நான் சொல்லும் சுற்று கண்டி, நுவரெலியா, ஹப்புத்தளை, எல்ல என்று போய், வெல்லவாய வழியாகத் தெற்கே இறங்கி, அதிவேகப் பாதையில் கொழும்பு திரும்புவது. ஐந்து இரவுகள். நான்கு இரவுதான் முடியும் என்றால் கண்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஹப்புத்தளையைக் குறைக்காதீர்கள்.

முதல் நாள் கொழும்பு–கண்டி. காலை 6 மணிக்கு முன் கொழும்பை விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் கடவத்தை வரையே ஒரு மணி நேரம் போகும். கடுகண்ணாவைக் கணவாயில்தான் முதல் உண்மையான ஏற்றம். பிரித்தானியர் பாறையைக் குடைந்து போட்ட பழைய வழி இன்னும் சாலையோரம் இருக்கிறது. கண்டிக்குள் வண்டியை விடுதியில் நிறுத்திவிட்டு நடந்தோ ஓட்டோவிலோ சுற்றுங்கள். தலதா மாளிகையைச் சுற்றி நிறுத்த இடம் தேடுவது வீண் வேலை.

இரண்டாம் நாள் ஏ5 சாலையில் பேராதனை, கம்பளை, புசல்லாவை, ரம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியா. மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கண்டி கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீட்டரில். அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி புசல்லாவைக்குப் பிறகுதான் வருகிறது. ரம்பொடையில் 109 மீட்டர் நீர்வீழ்ச்சியும், மேலே அனுமார் கோவிலும் இருப்பதால் அங்கே நிறுத்தி எஞ்சினுக்கும் உங்களுக்கும் ஓய்வு கொடுக்க இயல்பாகவே இடம் அமைந்துவிடும். அழகான சாலை, ஆனால் மன்னிக்காத சாலை. 2025 மே மாதம் இதே சாலையில் கொத்மலை கெரண்டி எல்லப் பகுதியில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது விடிவதற்குச் சற்று முன் நடந்தது. இரவில் மலைச்சாலை வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

மூன்றாம் நாள் ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

நான்காம் நாள் ஹக்கலை, வெலிமடை, போரலந்த வழியாக ஹப்புத்தளை. நுவரெலியாவிலிருந்து சற்று இறங்கியதும் சீதாஎலிய சீதை அம்மன் கோவில் சாலையோரத்திலேயே இருக்கிறது. அதை ஒட்டி 1861இல் கொய்னா மருந்துக்கான சின்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய ஹக்கலைத் தாவரவியல் பூங்கா. வெலிமடைப் பள்ளத்தாக்கில் படிப்படியாக மரக்கறித் தோட்டங்கள், உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ். தேயிலையே பார்த்துவந்த கண்ணுக்கு இது வேறொரு நாடாகத் தெரியும்.

ஐந்தாம் நாள் விடியற்காலையில் லிப்டன் சீட் என்ற மலையுச்சிக் காட்சிமுனை, அப்புறம் பண்டாரவளை வழியாக எல்ல. லிப்டன் சீட்டுக்கு உங்கள் வண்டியை ஏற்றாதீர்கள். ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலை வரை ஓட்டிப் போய் அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் 7 கிலோமீட்டர் தோட்டப்பாதை, ஒரு வண்டி மட்டுமே போகும் அகலம். ஒதுங்க இடம் எங்கே என்று தெரிந்த ஓட்டோக்காரர் உங்களைக் கொண்டுபோய் விடுவார், அவருக்கும் ஒரு வருமானம். தெளிந்த காலையில் அங்கிருந்து தெற்குச் சமவெளி முழுவதும் விரிந்து கிடக்கும். 9, 10 மணிக்குள் மேகம் மூடிவிடும். ஆகவே வெளிச்சம் வந்ததுமே கிளம்புங்கள்.

எல்லவில் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். தரிப்பிடம் உள்ள விடுதியாகப் பாருங்கள். 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்துக்கு நடந்தே போகலாம். தண்டவாளத்தில் நின்று படம் எடுப்பவர்களைப் பார்த்து நீங்களும் நிற்காதீர்கள், வளைவுக்குப் பின்னால் வரும் ரயில் சத்தம் மலையில் தாமதமாகத்தான் கேட்கும்.

வரைபடச் செயலி காட்டும் குறுக்கு வழிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது நிமிடங்களை மட்டும் பார்க்கும், சரிவைப் பார்க்காது. தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையே உள்ள ரதல்ல குறுக்குப் பாதை அப்படிப்பட்டது. செங்குத்தான இறக்கம், பிரேக் பிடிக்காமல் போன வாகனங்கள் மோதிப் பல உயிர்கள் போயிருக்கின்றன. 10 நிமிடம் கூடினாலும் பரவாயில்லை, ஏ என்ற எழுத்தோடு எண் போட்ட பிரதான சாலையிலேயே போங்கள்.

ஏற்றம், இறக்கம்

ஏறும்போது பயம் அதிகம், ஆபத்து குறைவு. இறங்கும்போது நேர்மாறு. புதியவர்கள் இதை மாற்றி நினைத்துக்கொண்டு, ஏறி முடித்ததும் உடம்பைத் தளர்த்திவிடுகிறார்கள்.

ஏற்றத்தில் வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுங்கள். வளைவின் நடுவில் கியர் தேடினால் வண்டி நின்றுபோகும், பின்னால் வருபவர் நெருங்கியிருப்பார். முன்னால் போகும் லொறிக்கும் உங்களுக்கும் இரண்டு வண்டி நீளமாவது இடைவெளி வையுங்கள், அது பின்னுக்கு உருளலாம். ஒடுக்கமான இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குபவர் நின்று வழி விடுவது மலைச்சாலை வழக்கம். நீங்கள் இறங்கும்போது இதை நீங்கள் கடைப்பிடியுங்கள். நீங்கள் ஏறும்போது எதிரே வருபவர் கடைப்பிடிப்பார் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கொண்டை ஊசி வளைவில் பஸ் வருவதைக் கண்டால் வளைவுக்கு முன்பே இடது ஓரமாக நிறுத்திவிடுங்கள். அதற்குத் திரும்ப முழுச் சாலையும் வேண்டும். வளைவுக்குள் நுழைந்துவிட்டு ஒதுங்கப் பார்த்தால் இரண்டு பேருக்கும் இடம் இருக்காது. மறைவான வளைவில் ஹோர்ன் அடிப்பது இங்கே கோபமல்ல, தகவல். ஒரு தடவை சுருக்கமாக அடித்துவிட்டு, பதில் வருகிறதா என்று கேளுங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தால்தான் கேட்கும்.

இறக்கத்தில் வண்டியைப் பிடிக்க வேண்டியது எஞ்சின், பிரேக் அதற்குத் துணை. எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஓட்டோ கியர் வண்டியில் டி-யிலேயே விட்டுவிடாமல் எல் அல்லது 2க்கு மாற்றுங்கள். ஹைப்ரிட் வண்டியில் பி இருக்கும், அது இதற்காகவே உள்ளது. பிரேக்கை மெல்ல அழுத்திக்கொண்டே இறங்குவதுதான் பெரிய தவறு. பிரேக் கட்டைகள் சூடேறிச் சூடேறி, ஒரு கட்டத்தில் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. வேகம் கூடும்போது உறுதியாக அழுத்தி, வேகத்தைக் குறைத்து, காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். மறுபடி கூடும்போது மறுபடி. இடையில் கிடைக்கும் சில விநாடிகளில் அது ஆறும்.

எரியும் வாசனை வந்தாலோ மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ உடனே கியரைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். அரை மணி நேரம் சும்மா நிற்கட்டும். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், தட்டு வெடிக்கலாம், வளையலாம். எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் உருளவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. மலையில் அது வேண்டவே வேண்டாம்.

பின் சீட்டில் இருப்பவர்களையும் கவனியுங்கள். குழந்தைகளுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவது சகஜம். காலையில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், இரண்டு இடியப்பம் போதும். கைபேசி பார்க்கவிடாமல் தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் வளைவில் திடீரென்று பிரேக் அடிக்காமல் ஒரே சீராகப் போனால் பாதித் தொந்தரவு குறைந்துவிடும்.

மூடுபனியும் மண்சரிவும்

மூடுபனிக்குள் நுழைந்தால் தாழ்ந்த வெளிச்சம் போடுங்கள். உயர்ந்த வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். உள்ளே கண்ணாடி வியர்த்தால் ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். இடது ஓர வெள்ளைக்கோட்டைப் பார்த்துக்கொண்டு போங்கள். நான்கு சிக்னலையும் மின்னவிட்டு ஓட்டாதீர்கள், நீங்கள் நிற்கிறீர்களா போகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. ஒன்றும் தெரியவில்லையென்றால் அடுத்த தேநீர்க்கடை முற்றத்தில் ஒதுங்கிவிடுங்கள். சாலை ஓரத்தில் நிற்காதீர்கள், முழுவதும் வெளியே வாருங்கள்.

மண்சரிவு பற்றி எல்லோரும் தெரிந்துகொண்டுதான் மலையேற வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்காலத்தில் பிரதேசவாரியாக எச்சரிக்கை வெளியிடும்: மஞ்சள் என்றால் அவதானம், செம்மஞ்சள் என்றால் தயார் நிலை, சிவப்பு என்றால் வெளியேறு. நீங்கள் போகும் பகுதிக்கு மஞ்சள் இருந்தால் பயணத்தைக் காலையோடு முடியுங்கள். செம்மஞ்சள் வந்துவிட்டால் போகாதீர்கள், அறைக்குக் கட்டிய முன்பணம் போனாலும் சரி.

எச்சரிக்கை இல்லாத நாளிலும் மலை தானே அடையாளம் காட்டும். சரிவிலிருந்து வழியும் தண்ணீர் திடீரெனச் சேறாக மாறுவது, புதிதாக ஊற்று கிளம்புவது அல்லது இருந்த ஊற்று நின்றுபோவது, மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்திருப்பது, சாலையில் புது வெடிப்பு, சிறு கற்கள் உருண்டு வருவது. இவற்றில் எதைக் கண்டாலும் வண்டியிலிருந்து இறங்கிப் பார்க்கவும் வேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம். அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள், வழியில் வீடுகள் இருந்தால் சொல்லிவிட்டுப் போங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை.

தொலைபேசி எண்கள்: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, சுவசெரிய அம்பியூலன்ஸ் 1990. அம்பியூலன்ஸ் இலவசம்.

ஹோட்டன் சமவெளி

நுவரெலியாவிலிருந்து அம்பேவளை, பட்டிப்பொல வழியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நுழைவாயில் காலை 6 மணிக்குத் திறக்கும். இருட்டில் ஓட்ட வேண்டாம் என்ற விதிக்கு நான் கொடுக்கும் ஒரே விலக்கு இது, அதுவும் முந்தின நாள் பகலில் அம்பேவளை வரை போய் வழியைப் பார்த்துவைத்திருந்தால். அந்தத் தயக்கம் உள்ளவர்கள் நுவரெலியாவில் ஒரு வானும் சாரதியும் பிடித்துக்கொள்ளலாம், நிறையப் பேர் அப்படித்தான் போகிறார்கள்.

உள்ளே சுமார் 9 கிலோமீட்டர் வட்டமாக நடக்க வேண்டும். சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று அதே வட்டத்தில் வரும். உலக முடிவில் பாறை 800 மீட்டருக்கும் மேல் நேரே கீழே இறங்குகிறது. 9 மணிக்குப் பின் பெரும்பாலும் வெள்ளைத் திரைதான். அதனால் முதலில் உலக முடிவுக்கு நடந்து, நீர்வீழ்ச்சியைத் திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்கட் பொதியின் பிளாஸ்டிக் உறையைக்கூட வாசலில் எடுத்துவிடுவார்கள், சாப்பாட்டைத் துணியிலோ பெட்டியிலோ கொண்டுபோங்கள். சாலையில் மரைகள் நிற்கும். அவற்றுக்கு உணவு கொடுக்காதீர்கள். 2010இல் உலக மரபுரிமையான இடம் இது, பாதையை விட்டு ஒரு அடி கூட வெளியே வைக்க வேண்டியதில்லை.

திரும்பும்போது ஒஹியா வாசல் வழியாக ஹப்புத்தளைப் பக்கம் இறங்கிவிடலாமே என்று வரைபடம் ஆசை காட்டும். அந்த இறக்கம் ஒடுக்கமானது, செங்குத்தானது. பழகியவர்கள் போகட்டும். நீங்கள் பட்டிப்பொல வழியே திரும்புங்கள்.

தோட்டங்கள் வழியே

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டதிலிருந்து இந்த மலைகளின் நிறமே மாறியது. அதற்கு முன் கோப்பி. காட்டை வெட்டியது, கோப்பியும் தேயிலையும் நட்டது, நீங்கள் ஓட்டிப் போகும் சாலைகளுக்கும் ரயில் பாதைக்கும் கல் உடைத்தது எல்லாம் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் கைகள். 2023இல் அவர்கள் வந்து 200 ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த வழியிலேயே நடந்தார்கள். தமிழ் பேசும் ஒருவர் இந்தச் சாலையில் போகும்போது இது தெரியாமல் போவது எனக்கு ஏற்கவே முடியாதது.

ஆகவே சில நடைமுறைகள். கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் எடுக்குமுன் இறங்கிப் போய், "அக்கா, ஒரு படம் எடுத்துக்கொள்ளவா?" என்று கேளுங்கள். வண்டிக்குள்ளிருந்து கைபேசியை நீட்டாதீர்கள். அவர்களுக்கு எடை போடும் நேரம் முக்கியம், வேலை நேரத்தில் நிறுத்தி வைக்க வேண்டாம். லயங்கள் வீடுகள், உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. தோட்டப் பாதை தனியார் பாதை, மாலையில் சில இடங்களில் வாயில் பூட்டுவார்கள். கேட்டுவிட்டுப் போனால் யாரும் மறுப்பதில்லை. பள்ளிக்கூடம் விடும் நேரம் சிறுவர்கள் சாலையோரமாகவே நடந்து வருவார்கள், நடைபாதை கிடையாது. அப்போது 20க்கு மேல் போகாதீர்கள்.

சாப்பாட்டுக்குப் பெரிய விடுதிகளைவிட ஊர்க் கடைகள் மேல். ரொட்டியும் கட்டச்சம்பலும், பக்கத்தில் இஞ்சி போட்ட வெறும் தேநீர். வாங்கும் பணம் ஊருக்குள்ளேயே நிற்கும்.

சிவனொளிபாதமலையும் சேர்த்தால்

மலையேறும் பருவம் டிசெம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரை. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி போக வேண்டும். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி) நாட்களில் அந்தச் சாலை நிரம்பி வழியும், வார நாளில் போங்கள். பலர் செய்யும் ஆபத்தான காரியம் ஒன்று உண்டு. நள்ளிரவில் ஏறத் தொடங்கி, உச்சியில் சூரிய உதயம் பார்த்து, ஆயிரக்கணக்கான படிகள் இறங்கி, 10 மணிக்கு நேரே வண்டியில் உட்கார்ந்து கொழும்புக்குப் புறப்படுவது. கால் நடுங்கிக்கொண்டிருக்கும், கண் சொருகும், எதிரே கினிகத்தேனை வளைவுகள். மலை ஏறியவர் அன்று ஓட்டக் கூடாது. நல்லதண்ணியில் இன்னொரு இரவு தங்குங்கள், அல்லது ஏறாத ஒருவர் ஓட்டட்டும்.

இறங்கி வருதல்

ஆறாம் நாள் எல்லவிலிருந்து வெல்லவாய. வெறும் 27 கிலோமீட்டரில் சுமார் 800 மீட்டர் இறக்கம், இந்தச் சுற்றிலேயே பிரேக்குக்குக் கடினமான பகுதி இதுதான். 2025 செப்டெம்பரில் இங்கே இரவில் ஒரு பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் இறந்தார்கள். காலை உணவுக்குப் பின் பகல் வெளிச்சத்தில், இரண்டாம் கியரில், அவசரமில்லாமல் இறங்குங்கள். இராவணன் நீர்வீழ்ச்சி இறக்கத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். அங்கே எல்லோரும் சாலையிலேயே நிறுத்துவார்கள், குரங்குகளும் ஆட்களும் குறுக்கே ஓடுவார்கள். நீங்கள் கொஞ்சம் தாண்டிப் போய் ஒதுக்கமான இடத்தில் நிறுத்தி நடந்து வாருங்கள். பிரேக்கும் ஆறும்.

வெல்லவாயவில் டயர் காற்றைப் பாருங்கள். பிரேக் மிதி காலையில் இருந்த உயரத்தில்தான் இருக்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், இல்லையென்றால் அங்கேயே ஒரு கராஜில் காட்டிவிடுங்கள். அங்கிருந்து தணமல்வில வழியாக ஹம்பாந்தோட்டைப் பக்கம் போய் தெற்கு அதிவேகப் பாதையைப் பிடிக்கலாம். தணமல்விலப் பக்கம் அந்தி சாய்ந்தால் யானைகள் சாலைக்கு வரும், பிற்பகல் 3 மணிக்குள் அந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். அதிவேகப் பாதையில் ஏறியதும் முதல் சில கிலோமீட்டர் இடது வரிசையிலேயே 80இல் போங்கள். ஐந்து நாளாக 30இல் பழகிய கண்ணுக்கு வேகத்தின் அளவு திரும்பி வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.